இமேஜ் ஸ்லைடர் பிளகின் எடுக்கப் போறீங்களா, மொதல்ல அந்த டெமோ பேஜை மூடுங்க

போன வருஷம் ஈரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் கூப்பிட்டாரு. "ஏனுங்க தம்பி, எங்க சைட்டு தொறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை தாலியே கட்டிருவாரு போல இருக்குதுங்களே, என்னன்னு கொஞ்சம் பாருங்க"ன்னாரு. வேற யாரோ வேர்ட்பிரஸ்ல, அதாவது சைட் செய்யறதுக்குன்னே இருக்கற சாஃப்ட்வேர்ல, செஞ்சு குடுத்த சைட். தொறந்தா மேல பெருசா ஒரு ஸ்லைடர், போட்டோ ஒண்ணு மாத்தி ஒண்ணு நகருமே அது, அதுல ஏழு போட்டோ, ஏழும் போட்டோகிராபர் பென்டிரைவ்ல குடுத்தது குடுத்தபடி, 6000 பிக்சல் அகலம், ஒண்ணொண்ணும் 6 எம்பி கிட்ட. ஏழாறு நாப்பத்திரண்டு. பொண்ணு வீட்டுக்காரங்க பஸ்ல உக்காந்து போன்ல மண்டபத்தை ஒரு பார்வை பாக்கறதுக்கு 42 எம்பி இறங்கணும்னா யாரு காத்திருப்பாங்க, அடுத்த மண்டபத்தோட சைட்டுக்குப் போயிருவாங்க. உள்ள போய் பிளகின் (சைட்டுல கூடுதல் வசதிக்கு மாட்டிக்கற குட்டி சாஃப்ட்வேர்) லிஸ்டை பாத்தா தீமோட (சைட்டோட ரெடிமேட் டிசைன்) வந்த ஸ்லைடர் ஒண்ணு, யாரோ தனியா போட்ட ஸ்லைடர் ஒண்ணு, ரெண்டுமே ஆன்ல இருக்கு, மூணாவதா ஒண்ணு ஆஃப் பண்ணி அனாதையா கெடக்கு.

அதை சரி பண்ண உக்காந்தப்ப என்னென்ன பாத்தேனோ அதையே இங்க எழுதறேன். வேர்ட்பிரஸ் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் இது பெரும்பாலும். ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஸ்லைடர் பிளகினை டெமோ பாத்து எடுக்காதீங்க. டெமோல இருக்கற போட்டோ அவங்க கம்பெனி பாத்து பாத்து செதுக்கினது, எழுத்து இங்கிலீஷ், அதை நீங்க பாக்கறது பெரிய மானிட்டர்ல. உங்க சைட்டுக்கு வர்றவர் கையில இருக்கறது பத்தாயிரம் ரூபா போன், எழுத்து தமிழ், போட்டோ உங்க மண்டபத்தோட டைனிங் ஹால். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

மொத கேள்வி ஸ்லைடர் வேணுமாங்கறதுதான். இதை கேட்டா கஸ்டமருக்கு கோவம் வரும், பரவால்ல கேளுங்க. அமெரிக்காவுல நோட்ரடாம் யுனிவர்சிட்டி சைட்ல வேலை பாத்த எரிக் ரன்யன்ங்கறவர் 2013-ல அவங்க ஹோம் பேஜ் ஸ்லைடரோட கணக்கை வெளியில போட்டாரு. வந்தவங்கள்ல ஸ்லைடரை கிளிக் பண்ணது சுமார் 1 சதவீதம். அந்த கிளிக்லயும் 84 சதவீதம் மொத ஸ்லைடுக்கே போயிருச்சு, மிச்ச நாலு ஸ்லைடும் ஆளுக்கு நாலு சதவீதம்னு பங்கு போட்டுக்கிச்சு. பழைய கணக்குதான், ஒரு யுனிவர்சிட்டியோட கணக்குதான், ஆனா அதுக்கப்புறம் நான் செஞ்ச சின்ன சின்ன சைட்கள்ல பாத்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூணாவது ஸ்லைடுல "ஆடி தள்ளுபடி"ன்னு போட்டுட்டு யாருமே போன் பண்ணலையேன்னு கேட்டா எப்படி, அதை பாத்தவங்களே நாலு பேர்தான்.

அதனால நான் இப்படி பிரிச்சுக்குவேன். வர்றவர் படம் பாக்கவே வர்றாரா, மண்டபம், ஹோம்ஸ்டே, வெட்டிங் போட்டோகிராபர், இன்டீரியர் வேலை செய்யறவர், இவங்களுக்கு ஸ்லைடர் நியாயமானது, படமே இங்க சரக்கு. சொல்ல வேண்டிய செய்தி நாலு இருக்கு, எதை மேல போடறதுன்னு தெரியல, அதனால நாலையும் ஓட விடலாம்னு நெனைக்கறீங்களா, அங்க ஸ்லைடர் வேண்டாம், ஒரே படம், ஒரே வரி, ஒரு போன் நம்பர் பட்டன் போதும். கம்பெனிக்குள்ள நாலு பங்காளி இருந்து நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஸ்லைடு குடுக்கற கதையும் இருக்கு, அதுக்கு எந்த பிளகினும் மருந்து இல்ல.

சரி வேணும்னு முடிவாயிருச்சு. உடனே "ஆட் நியூ"வை அழுத்தாதீங்க, உங்க கிட்ட ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க. பேஜ் வடிவமைக்கற எலிமென்டார் பிளகின் போட்டிருந்தீங்கன்னா ஃப்ரீ வெர்ஷன்லயே இமேஜ் கேரசல்னு, அதுவும் படம் வரிசையா நகரறதுதான், ஒரு விட்ஜெட் இருக்கு. டிவி (Divi) தீம்ல ஸ்லைடர் மாட்யூல் இருக்கு. கேடன்ஸ் பிளாக்ஸ் வெச்சிருந்தா அதோட கேலரி பிளாக்லயே கேரசல், ஸ்லைடர் ரெண்டும் வந்துரும். இதுல எதாவது இருக்கறப்ப தனியா இன்னொரு ஸ்லைடர் பிளகின் போடறது வீட்ல கிரைண்டர் இருக்கறப்ப இன்னொரு கிரைண்டர் வாங்கற மாதிரி, இடத்தை அடைச்சுக்கிட்டு கரண்ட் பில்லும் ஏத்தும். அதே மாதிரி நெறைய படத்தை வரிசையா காட்டி தொட்டா பெருசாகணும், அவ்வளவுதான் தேவைன்னா அது ஸ்லைடரே இல்லீங்க, கேலரி. வேர்ட்பிரஸோட கேலரி பிளாக் போதும், 2023 நவம்பர்ல வந்த 6.4 வெர்ஷன்ல இருந்து படத்தை தொட்டா பெருசா விரியற வசதியும் உள்ளயே இருக்கு, அதுக்கும் பிளகின் வேண்டாம்.

இப்ப பிளகினுக்கு வருவோம். மார்க்கெட்ல பேர் ஏகப்பட்டது இருக்கு, நடைமுறையில சுத்தி சுத்தி நாலஞ்சுலதான் வந்து நிப்பீங்க. மெட்டாஸ்லைடர், ஸ்மார்ட் ஸ்லைடர் 3, சொலிலோக்வி, இந்த மூணுக்கும் ஃப்ரீ வெர்ஷன் வேர்ட்பிரஸ் பிளகின் பக்கத்துலயே கெடைக்கும். ஸ்லைடர் ரெவல்யூஷன், லேயர்ஸ்லைடர் ரெண்டும் காசு குடுத்து வாங்கறது, இல்லன்னா நீங்க வாங்கின தீமோட சேர்ந்து வர்றது.

மெட்டாஸ்லைடர் ஃப்ரீல படம், அது மேல ஒரு கேப்ஷன், ஒரு லிங்க், அவ்வளவுதான். வீடியோ வேணும், படத்து மேல எழுத்தை இங்க அங்க நகத்தணும்னா ப்ரோ வாங்கச் சொல்லும். எனக்கு அந்த கஞ்சத்தனம்தான் புடிக்கும், ஏன்னா கஸ்டமர் கையில குடுத்தா அவரால கெடுக்க முடியாது. ஸ்மார்ட் ஸ்லைடர் 3 ஃப்ரீலயே தலைப்பு, பட்டன், யூடியூப் வீடியோன்னு லேயர் லேயரா அடுக்கலாம், மொபைலுக்கு தனியா எழுத்து சைஸ் வெக்கலாம், ஃப்ரீக்கு இவ்வளவு குடுக்கறாங்களான்னு இருக்கும். ஆனா அந்த எடிட்டர் உள்ள போனா ஒரு சின்ன போட்டோஷாப் மாதிரி, மண்டபத்து மேனேஜர் ஒரு போட்டோவை மாத்த போய் தலைப்பை தூக்கிட்டாருன்னா ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும். ஸ்லைடர் ரெவல்யூஷன் இன்னும் பெரிய சாமான், அனிமேஷன்ல அதால முடியாதது கம்மி, ஆனா நாலு போட்டோ ஓட்டறதுக்கு அதை போடறது மொபெட் போதுங்கற எடத்துக்கு லாரி எடுத்துட்டு போறது.

ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஓடற ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின், அதாவது படத்தை நகத்தற புரோகிராம், எதுன்னு முடிஞ்சா பாருங்க. ஸ்லிக்னு ஒண்ணு இருக்கு, ஒரு காலத்துல எங்க பாத்தாலும் அதான், அதோட கடைசி ரிலீஸ் 1.8.1 வந்தது 2017-ல. ஆவ்ல் கேரசல் 2018-லயே நின்னுபோச்சு. இன்னைக்கும் புதுசா வர்ற சின்ன சின்ன ஸ்லைடர் பிளகின்கள் உள்ள இந்த பழைய இன்ஜினைத்தான் மாட்டி, மேல பெயின்ட் அடிச்சு விக்கறாங்க. ஸ்வைப்பர், ஸ்ப்ளைடு இந்த ரெண்டுல எதாவது ஓடுச்சுன்னா நல்லது, ரெண்டுக்குமே ஜேக்வெரிங்கற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி தேவையில்ல. இது ஏன் முக்கியம்னா 2020 ஆகஸ்ட்ல வேர்ட்பிரஸ் 5.5 வந்தப்ப ஜேக்வெரி மைக்ரேட்ங்கற பழைய பாலத்தை எடுத்துட்டாங்க, அதை நம்பி ஓடிட்டிருந்த எத்தனையோ ஸ்லைடர் அப்டேட் அடிச்ச அன்னைக்கே அப்படியே உறைஞ்சு போச்சு. எனக்கு அன்னைக்கு ஒரே நாள்ல மூணு போன். எல்லாரும் ஒரே கேள்வி, "நேத்து வரைக்கும் ஓடுச்சே?"

பிளகின் பக்கத்துல எதை படிக்கணும்? ஸ்டார் எண்ணிக்கையை நான் பாக்கவே மாட்டேன், அதுல பாதி "ஃபைவ் ஸ்டார் குடுங்க"ன்னு டேஷ்போர்டுல கெஞ்சி வாங்கினது. வலது பக்கம் சின்னதா இருக்குமே அதை பாருங்க, கடைசியா எப்ப அப்டேட் ஆச்சு, எந்த வேர்ட்பிரஸ் வெர்ஷன் வரைக்கும் டெஸ்ட் பண்ணிருக்காங்கன்னு. மூணு பெரிய வெர்ஷனா டெஸ்ட் பண்ணலன்னா வேர்ட்பிரஸே மேல மஞ்சள்ல ஒரு எச்சரிக்கை போட்டிரும், அதை பாத்தா அப்படியே திரும்பி வந்துருங்க. அடுத்து ரிவ்யூஸ் டேப். அங்க ஒரு ஸ்டாரோட திட்டினவங்களுக்கு கம்பெனிக்காரங்க எப்படி பதில் சொல்றாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் படிச்சா அந்த கம்பெனியோட குணம் தெரிஞ்சிரும். அப்புறம் சேஞ்ச்லாக், ஒவ்வொரு வெர்ஷன்லயும் என்ன மாத்தினாங்கங்கற லிஸ்ட், அதுல "செக்யூரிட்டி ஃபிக்ஸ்"னு இருந்தா பயப்படாதீங்க, ஒழுங்கா சரி பண்றாங்கன்னு அர்த்தம். ரெண்டு வருஷமா சேஞ்ச்லாக்ல ஒண்ணுமே இல்லன்னாத்தான் பயப்படணும்.

செக்யூரிட்டின்னதும் இதை சொல்லாம போக முடியாது. படம் ஓட்டற பிளகின்ல என்ன ஆபத்து வந்துறப் போகுதுன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. 2014-ல ஸ்லைடர் ரெவல்யூஷனோட பழைய வெர்ஷன்கள்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, படத்தை கேக்கற அதே வழியில டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலையே வெளியில இருந்து எவனும் டவுன்லோடு பண்ணிக்கலாம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதுலதான் இருக்கு. கம்பெனி அந்த வருஷம் ஆரம்பத்துலயே சத்தமில்லாம சரி பண்ணிட்டாங்க. ஆனா தீமுக்குள்ள பொட்டலமா வந்த காப்பிங்க அப்டேட்டே ஆகல, அந்த சைட்காரங்களுக்கு இப்படி ஒரு பிளகின் உள்ள இருக்கறதே தெரியாது. டிசம்பர்ல சோக்சோக்னு ஒரு மால்வேர் இந்த ஓட்டை வழியா பூந்துச்சு, கூகுள் 11,000-க்கு மேல சைட்டை பிளாக்லிஸ்ட் பண்ணுச்சு. பழைய கதைன்னு விட்டுறாதீங்க, 2024 மார்ச்ல லேயர்ஸ்லைடர்ல எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை, வெளியில இருந்து டேட்டாபேஸ்ல இருக்கறதை உருவிக்கற வழி, ஒண்ணை கண்டுபுடிச்சாங்க, ஆபத்துக்கு பத்துக்கு 9.8 மார்க் குடுத்த ஓட்டை, லேயர்ஸ்லைடர்காரங்க மார்ச் 27-ம் தேதி 7.10.1 வெர்ஷனை விட்டு அடைச்சாங்க.

இதுல ஓட்டை யாருக்கும் வரும், அதை வெச்சு ஒரு கம்பெனியை ஒதுக்க சொல்லல. அப்டேட் உங்களுக்கு வந்து சேருமாங்கறதுதான் கேள்வி. தீமோட இலவசமா வந்த ஸ்லைடர்னா லைசென்ஸ் உங்க பேர்ல இருக்காது, தீம்காரர் புது காப்பியை தீமோட சேர்த்து அனுப்பற வரைக்கும் நீங்க பழசுலதான் உக்காந்திருப்பீங்க. அதனால தீமோட வந்ததை யூஸ் பண்றதா இருந்தா தனியா லைசென்ஸ் வாங்குங்க, இல்லன்னா கழட்டிருங்க. காசு குடுத்து வாங்கறப்ப வருஷா வருஷம் புதுப்பிக்கணுமா, எத்தனை சைட்டுக்கு செல்லும்னும் பாத்துக்கங்க. டெலிகிராம் குரூப்ல ப்ரோ வெர்ஷன் ஃப்ரீயா குடுக்கறாங்களே, அந்த ஜிப் ஃபைலை தொடவே தொடாதீங்க, அவன் உங்களுக்கு தர்மம் பண்ண ஒக்காரல.

ரெண்டு பிளகினை சுருக்கிட்டீங்கன்னா அடுத்து டெஸ்ட். லைவ் சைட்ல பண்ணாதீங்க, ஹோஸ்டிங்ல ஸ்டேஜிங் (டெஸ்ட் பண்றதுக்குன்னு சைட்டோட ஒரு காப்பி) இருந்தா அதுல, இல்லன்னா லோக்கல்ல, உங்க கம்ப்யூட்டர்லயே, ஒரு வேர்ட்பிரஸ் போட்டு அதுல பண்ணுங்க. உங்க சொந்த போட்டோ மூணை போட்டு ஒரு பேஜ் ரெடி பண்ணிட்டு குரோம்ல டெவ்டூல்ஸ் தொறந்து நெட்வொர்க் டேப்ல வேகத்தை ஸ்லோ 4ஜின்னு குறைச்சு வெச்சு ரீலோடு அடிங்க. மொத்தம் எவ்வளவு எம்பி இறங்குச்சுன்னு கீழ வரும். ஸ்லைடரே இல்லாத இன்னொரு பேஜையும், கான்டாக்ட் பேஜ் மாதிரி, அதே மாதிரி ரீலோடு பண்ணி பாருங்க, அங்கயும் ஸ்லைடரோட சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எல்லாம் வந்து இறங்குதுன்னா அந்த பிளகின் எங்க வேணுமோ அங்க மட்டும் வேலை செய்ய தெரியாதது. சிலதுல செட்டிங்ல மாத்தலாம், மாத்த முடியலன்னா அடுத்ததை பாருங்க.

அப்புறம் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ், கூகுளோட ஸ்பீடு டெஸ்ட். வெளியில இருந்து தொறக்க முடியற பேஜ்தான் அதுக்கு வேணும், லோக்கல்னா குரோம்லயே லைட்ஹவுஸ் இருக்கு. மொபைல் டேப்பை மட்டும் பாருங்க, டெஸ்க்டாப் மார்க் மனசை தேத்திக்கறதுக்கு. ரெண்டு எண் போதும். எல்சிபி, அதாவது ஸ்க்ரீன்ல தெரியற பெரிய விஷயம் வந்து சேர ஆகற நேரம், 2.5 செகண்டுக்குள்ள இருக்கணும். ஹோம் பேஜ்ல அந்த பெரிய விஷயம் உங்க மொத ஸ்லைடோட படம்தான், வேற எதுவும் இல்ல. இங்க நெறைய பிளகின் ஒரு தப்பு பண்ணும், எல்லா ஸ்லைடையும் லேசி லோடு பண்றேன்னு மொத ஸ்லைடையும் சேர்த்து தள்ளி வெச்சிரும், வர்றவர் ரெண்டு செகண்டு சுத்தற வட்டத்தை பாத்துட்டு இருப்பாரு. மொத படம் உடனே வரணும், மிச்சம் அப்புறமா வரணும், இது ரெண்டும் சேர்ந்து நடக்குதான்னு பாருங்க. இன்னொண்ணு சிஎல்எஸ், லோடு ஆகறப்ப பேஜ் எவ்வளவு குதிக்குதுங்கற அளவு, 0.1-க்குள்ள. ஸ்லைடர் லோடு ஆகறதுக்கு முன்னாடியே அதோட உயரத்துக்கு எடம் ஒதுக்கி வெச்சிருக்கணும், இல்லன்னா கீழ இருக்கற எழுத்தெல்லாம் மேல வந்துட்டு ஸ்லைடர் வந்ததும் தொபுக்குனு கீழ போகும். போன் நம்பரை தொடப் போனவர் வேற எதையோ தொட்டிருப்பாரு.

இப்ப போன்ல. உங்க போன்ல இல்ல, வீட்ல பழசா ஒண்ணு கெடக்குமே அதுல. வைஃபை ஆஃப் பண்ணிட்டு தொறங்க. கட்டை விரலை ஸ்லைடர் மேலயே வெச்சு பேஜை கீழ தள்ளி பாருங்க. பல ஸ்லைடர் அந்த விரலை புடிச்சுக்கிட்டு விடாது, கீழ போகணும்னு நெனைச்சா படம் பக்கத்துல நகரும், மொபைல்ல ஸ்லைடர் ஸ்க்ரீன் முழுக்க இருந்தா வர்றவர் பேஜுக்குள்ளயே போக முடியாது. இந்த ஒரு டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சுன்னு நான் நல்ல நல்ல பிளகினை எல்லாம் தூக்கி போட்டிருக்கேன்.

அடுத்தது படம் வெட்டுப்படறது. மண்டபத்து ஸ்லைடர்ல மணமேடை போட்டோ ஒண்ணு, கம்ப்யூட்டர்ல பாத்தா நடுவுல மேடை, ரெண்டு பக்கமும் வாழை மரம், குத்துவிளக்கு, பாக்க லட்சணமா இருந்துச்சு. போன்ல அதையே பாத்தா நிமிந்த ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி நடுவுல வெட்டி, மேடையில பாதியும் சாத்தி வெச்சிருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் தெரியுது. அதுக்குத்தான் மொபைலுக்கு வேற படம் குடுக்க முடியுமா, இல்ல படத்துல எந்த எடம் முக்கியம்னு புள்ளி வெக்க முடியுமான்னு பிளகின்ல தேடணும். ரெண்டுமே இல்லன்னா மொபைல்ல படத்தை வெட்டாம முழுசா, உயரம் கம்மியா காட்டற செட்டிங்காவது இருக்கணும்.

தமிழ்ல எழுத்து போடறவங்க இந்த பத்தியை ரெண்டு தடவை படிங்க, டெமோல இது எதுவுமே தெரியாது. ஸ்லைடர்ல எழுத்து ஒண்ணொண்ணா வந்து விழற அனிமேஷன் இருக்கும்ல, அது இங்கிலீஷுக்கு எழுதினது. நம்ம "கொ"ங்கறது பாக்கறதுக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு க-வும் தனியா ஒரு கொம்பு காலும். அனிமேஷன் இதை பிரிச்சு போட்டா கொம்பு ஒரு பக்கம் பறந்து வரும், நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் தெரியும், "கொங்கு"ன்னு போட்ட தலைப்பை வாசிக்கவே முடியாது. அதனால எழுத்து வாரியா இருக்கற அனிமேஷனை ஆஃப் பண்ணி, வரி வாரியாவோ மொத்தமாவோ வர்ற மாதிரி வைங்க. லெட்டர் ஸ்பேசிங் எதாவது குடுத்திருந்தா பூஜ்யம் ஆக்கிருங்க. அடுத்து நம்ம வார்த்தைங்க நீளம், "வாடிக்கையாளர்களுக்கு"ன்னு ஒரு வார்த்தை போட்டாலே மொபைல்ல ஒரு வரி முடிஞ்சு வெளியில வழியும். மொபைலுக்கு தனி எழுத்து சைஸ் வெக்க முடியாத பிளகின் தமிழ் சைட்டுக்கு ஆகாது. வரிக்கும் வரிக்கும் நடுவுல எடத்தை இங்கிலீஷுக்கு விட்டதை விட கூட விடுங்க, இல்லன்னா மேல் வரியோட "கு"வும் கீழ் வரியோட "கி"யும் முட்டிக்கும்.

இதெல்லாம் தலைவலின்னு எழுத்தை போட்டோஷாப்லயே படத்து மேல எழுதி ஒரே படமா அப்லோடு பண்ணிருவாங்க, நெறைய பேர் செய்யறது அதான். பண்ணாதீங்க. மொபைல்ல சுருங்கினதும் எறும்பு மாதிரி ஆயிரும், கூகுளுக்கும் அது எழுத்துன்னு தெரியாது, ரேட் மாறினா டிசைனரை தேடணும்.

தானா ஓடறதை பத்தி. கஸ்டமர் எல்லாருக்கும் ஓடணும், ஓடலன்னா காசு வீணுன்னு நெனைப்பு. வெப் அணுகல் விதிகள்ல, டபிள்யூசிஏஜின்னு சொல்வாங்களே அதுல, அடிமட்ட லெவல்லயே ஒண்ணு இருக்கு, தானா ஆரம்பிச்சு 5 செகண்டுக்கு மேல ஓடற எதுக்கும் நிறுத்தற வழி இருக்கணும்னு. பாஸ் பட்டன் இருக்கா, கீபோர்டு ஆரோவுல நகருதா, ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தை பாக்க முடியாதவங்களுக்கு அது என்னன்னு சொல்ற வரி) போட எடம் இருக்கா, மூணும் பாத்துக்கங்க. ஓட விட்டே ஆகணும்னா ஒரு ஸ்லைடை ஆறேழு செகண்டாவது நிக்க விடுங்க, உங்க அம்மாவை கூப்பிட்டு அந்த ஸ்லைடுல இருக்கறதை வாய்விட்டு படிக்க சொல்லி நேரம் பாருங்க, அதுதான் கணக்கு.

போட்டோவை ரெடி பண்றதை எந்த பிளகினும் உங்களுக்காக செய்யாது. வேர்ட்பிரஸ் 5.3-ல இருந்து மீடியா லைப்ரரிக்கு பெரிய படம் போட்டா 2560 பிக்சலுக்கு தானே சுருக்கிக்கும், அது உண்மை. மண்டபத்து சைட்ல அது நடக்காததுக்கு காரணம் அந்த பிளகின் தனக்குன்னு ஒரு அப்லோடு ஃபோல்டர் வெச்சிருந்துச்சு, படமெல்லாம் அந்த வழியா போயிருச்சு, வேர்ட்பிரஸுக்கு தகவலே இல்ல. அதனால மீடியா லைப்ரரியை யூஸ் பண்ற பிளகினா எடுங்க, அப்பத்தான் போனுக்கு சின்ன சைஸ், கம்ப்யூட்டருக்கு பெரிய சைஸ்னு பிரிச்சு அனுப்ப வழி இருக்கும். நீங்களும் ஸ்க்வூஷ் மாதிரி ஒரு டூல்ல 1920 அகலத்துக்கு சுருக்கி வெப்பி (WebP) ஃபார்மட்ல, 200 கேபி பக்கத்துல கொண்டு வந்து போடுங்க. அந்த ஏழு போட்டோவுல ரெண்டு ஒரே மேடையை ரெண்டு பக்கம் நின்னு எடுத்தது, அதை தூக்கிட்டு அஞ்சை இப்படி சுருக்கினேன், 42 எம்பி போய் மொத்தமே 1 எம்பி சுமார் வந்துச்சு. பிளகினை மாத்தினதை விட இதுலதான் சைட் வேகமாச்சு, சொல்லப் போனா பிளகினை மாத்தாமலே பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

கேஷ் (cache) பிளகின், அதாவது பேஜை வேகமா காட்டறதுக்கு போடற பிளகின், வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல ஜாவாஸ்கிரிப்டை தாமதமா லோடு பண்ற ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் பண்ணா ஸ்பீடு மார்க் ஜிவ்வுனு ஏறும், ஆனா ஸ்லைடர் இருக்க வேண்டிய எடம் யாராவது ஸ்க்ரீனை தொடற வரைக்கும் வெள்ளையா கெடக்கும். ஸ்லைடர் ஃபைலை மட்டும் அந்த லிஸ்ட்ல இருந்து விலக்கி வைங்க.

வாங்கறதுக்கு முன்னாடி விட்டுட்டு போற வழியையும் பாருங்க. டெஸ்ட் பேஜ்ல ஸ்லைடரை போட்டு வெச்சிட்டு பிளகினை டீஆக்டிவேட் பண்ணுங்க. பேஜ்ல என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. பல பிளகின்ல சதுர அடைப்புக்குள்ள பிளகின் பேரும் ஒரு நம்பரும் மட்டும் அசிங்கமா நிக்கும். படங்க மீடியா லைப்ரரில பத்திரமா இருந்தா பரவால்ல, வேற எடத்துல வேற ஸ்லைடர் போட்டுக்கலாம், அதுவும் பிளகினோட ஃபோல்டர்ல இருந்துச்சுன்னா அதை விட்டு வெளிய வர்றதுக்கு ஒரு நாள் வேலை. கஸ்டமர் சைட்ல ஸ்லைடரை ஒரு பேஜ்ல மட்டும் வைங்க, பத்து பேஜ்ல தூவி விடாதீங்க.

மண்டபத்துக்கு கடைசியா என்ன போட்டேன்னா மெட்டாஸ்லைடர் ஃப்ரீ, அஞ்சு போட்டோ, தானா ஓடறது ஆஃப், தலைப்பும் போன் பட்டனும் ஸ்லைடருக்கு வெளிய, கீழ. லேயர் அனிமேஷன் எதுவும் அங்க தேவைப்படல, போட்டோ மாத்தறது மேனேஜர், அதனாலதான் அது. பழைய ரெண்டு ஸ்லைடரையும் அந்த அனாதையையும் டீஆக்டிவேட் பண்ணதோட விடல, டெலீட் பண்ணேன், ஆஃப்ல இருந்தாலும் ஃபைல் சர்வர்ல கெடக்கும், ஓட்டை இருந்தா அந்த ஃபைல் வழியாவும் பூருவானுங்க. அந்த தனி அப்லோடு ஃபோல்டரையும் பேக்கப் எடுத்துட்டு கையால அழிச்சேன். மண்டபத்துக்காரர் போன்ல தொறந்து பாத்துட்டு "இப்ப டக்குனு வருதுங்க தம்பி, ஆனா படம் ஓடலீங்களே"ன்னாரு. விரல்ல தள்ளி பாருங்கண்ணான்னு சொன்னேன். தள்ளி பாத்தாரு, ரெண்டு நிமிஷம் அவரே அஞ்சு போட்டோவையும் திரும்ப திரும்ப தள்ளிட்டு இருந்தாரு, அப்புறம் டைனிங் ஹால் போட்டோ பழசு, வேற எடுத்து அனுப்பறேன்னு வெச்சுட்டாரு.